கே.எல். போக ரயிலா, பஸ்ஸா, காரா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கு வந்து, அறை கிடைத்து, வங்கிக் கணக்குத் திறந்து, சமையலும் ஒரு வழிக்கு வந்த பிறகு அடுத்து எழும் ஆசை கே.எல்., அதாவது கோலாலம்பூர். பத்துமலைக்கு ஒரு நேர்த்தி இருக்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சித்தப்பா இருப்பார், இல்லை சும்மா சுற்றிப் பார்க்கத் தோன்றும். எப்படிப் போவது என்று தேக்காவில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் என்பார் ஒருவர். பத்து மணி நேரம் ஆனது என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது உண்மைதான். ஒருவர் செவ்வாய்க்கிழமை காலையில் போயிருப்பார், மற்றவர் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையில்.

சாலை வழியே சுமார் 350 கிலோமீட்டர் தூரம். அதில் ஏறக்குறைய முழுவதும் நல்ல நெடுஞ்சாலை, நல்ல தண்டவாளம். தகராறு ஒரு கிலோமீட்டரில்தான்: உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் சேர்க்கிற கடற்பாலம். நெரிசல் நாளில் அந்த ஒரு கிலோமீட்டர் தின்கிற நேரத்தில் நீங்கள் மலாக்காவைத் தாண்டியிருக்கலாம். அதனால் முதலில் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எப்படி எல்லையைக் கடக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். வண்டி எது என்பது அதிலிருந்து தானாக வரும்.

விமானமும் இருக்கிறது. பறப்பது ஒரு மணி நேரம். ஆனால் சாங்கிக்கு முன்னதாகப் போய்க் காத்திருப்பதையும், கே.எல். விமான நிலையம் ஊருக்கு வெகு வெளியே இருப்பதையும் சேர்த்தால் பெரிய லாபம் இல்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை: தாள்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கடப்பிதழை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா போக விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் நீட்டித்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடப்பிதழ் என்றால் மலேசிய மின்விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

அடுத்து மலேசிய மின்னியல் வருகை அட்டை. போகிற நாளுக்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை. நிரந்தரவாசிகளுக்கும் வேலை பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் தேவை. இது இலவசம். தேடும்போது மேலே வந்து நிற்கிற ஏதோ ஒரு தளம் பணம் கேட்டால் அது மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

இப்போது, யாரும் எளிதில் யோசிக்காத ஒன்று. மலேசியாவுக்குள் போவதைவிடச் சிங்கப்பூருக்குத் திரும்ப வருவதுதான் சிலருக்குச் சிக்கல். வேலை பாஸ் இன்னும் கைக்கு வராமல், முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தோடு மட்டும் இருக்கிறீர்களா? எல்லை தாண்டாதீர்கள். பாஸ் வந்த பிறகு போகலாம், கே.எல். எங்கேயும் ஓடிவிடாது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போகலாம் என்று நினைத்தால், அவர்களுடைய சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை என்றால் ஜோகூரில் கால் வைத்ததோடு அது முடிந்துபோகும். பலமுறை என்றாலும் திரும்பும்போது அவர்களுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டை மறுபடி நிரப்ப வேண்டும். தரைவழி வருகிற குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால பாஸ் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு.

இரண்டாவது வேலை: நாளும் நேரமும்

வார நாட்களில் விடியற்காலை ஜோகூர்க்காரர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார்கள், மாலையில் திரும்பிப் போகிறார்கள். நீங்கள் காலையில் வடக்கே போனால் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசை. செவ்வாய், புதன் என்று ஒரு நாளைப் பிடித்து காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடந்தால், இதற்காகவா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று தோன்றும். அதே நாள் மாலை ஆறு மணிக்குப் போனால் வேலை முடித்த மொத்தக் கூட்டமும் உங்களோடு வரும்.

தவிர்க்க வேண்டியவை: வெள்ளி மாலை, சனி காலை, பொது விடுமுறைக்கு முந்தின நாள், அப்புறம் மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைகளின் தொடக்கம். உச்ச நாட்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் என்ற இரண்டு தரைவழிச் சோதனைச்சாவடிகளிலுமாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். காரில் போவோர் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்று சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே எச்சரிக்கை விடும். ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, அதை வைத்துக் கணக்குப் போடு என்று பழைய ஆட்கள் யாராவது சொன்னால் அது காலாவதியான யோசனை. 2025 தொடக்கத்திலிருந்து அங்கேயும் சனி ஞாயிறுதான்.

தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறை இல்லை, ஜோகூரிலும் கே.எல்.லிலும் விடுமுறை. பத்துமலைக்குப் போக லீவு போடுகிறவர்கள் அங்கே ஒரு பெரிய விடுமுறைக் கூட்டம் நகர்வதைக் கணக்கில் வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் கேமராப் படங்களைப் பார்க்கலாம். காரில் போகிறவர்களுக்கு எந்தப் பாலம் என்று முடிவெடுக்க இது போதும்.

பஸ்

பஸ்ஸில் இரண்டு விதம். ஒன்று, சிங்கப்பூரில் ஏறி கே.எல்.லில் இறங்கும் நேரடி பஸ். எல்லையில் தாமதம் இல்லையென்றால் ஐந்து, ஆறு மணி நேரம். எல்லா நிறுவனமும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பீச் ரோடு, லாவெண்டர், ஹார்பர்ஃபிரண்ட் என்று ஆளுக்கோர் இடம். டிக்கெட்டில் உள்ள ஏறுமிடத்தை நிதானமாகப் படியுங்கள். கோல்டன் மைல் டவர் என்று போட்டிருந்தால் அது டவர்தான். பக்கத்தில் இருக்கிற பழைய கோல்டன் மைல் காம்பிளெக்ஸ் 2023இல் மூடப்பட்டுவிட்டது, அதன் வாசலில் போய் நிற்காதீர்கள். இறங்குமிடத்தையும் பாருங்கள். சில பஸ்கள் ஊருக்கு நடுவே விடும், பல பஸ்கள் தெற்கே பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கும் டிபிஎஸ் முனையத்தில் விடும். டிபிஎஸ்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலும் எல்ஆர்டியும் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை, கூடுதலாக அரை மணி நேரம், அவ்வளவே.

எல்லையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முதல் தடவை தடுமாறுவது இங்கேதான். உட்லண்ட்ஸில் பஸ் நின்றதும் ஓட்டுநர் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லாரும் எழுவார்கள், நீங்களும் எழுங்கள். இறங்கியதும் பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நிறுவனத்தின் பஸ்கள் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நிற்கும். மேலே போய், தானியங்கி வாயிலைத் தாண்டி, மறுபக்கம் இறங்கினால் பஸ் இருக்கும். பாலத்தைக் கடந்ததும் மறுபடி இறங்க வேண்டும், இந்த முறை வயிற்றுப்பகுதியில் போட்ட பெட்டி உட்பட எல்லாச் சாமான்களோடும். எஸ்கலேட்டர் ஏறினால் பெரிய கூடம். மலேசியர்கள் ஒரு பக்கம் சரசரவென்று போய்க்கொண்டிருப்பார்கள். நீங்கள் வெளிநாட்டுக் கடப்பிதழ் வரிசை. கைரேகை எடுத்து, கடப்பிதழைப் பார்த்து அனுப்புவார்கள். பிறகு பெட்டிகள் எக்ஸ்ரேயில் போகும். அதன்பின் கீழே பஸ்கள் நிற்கும் தளம்.

பஸ் உங்களுக்காக அளவோடுதான் காத்திருக்கும். உங்கள் வரிசை மெதுவானது என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லலாம், ஆள் குறைகிறது என்று அவராவது குரல் கொடுப்பார். கழிப்பறை, சிம் கார்டு, பணமாற்று எல்லாம் பஸ்ஸைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

இரண்டாவது விதம், துண்டு துண்டாகப் போவது. குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170, கிராஞ்சியிலிருந்து சிடபிள்யூ 1, உட்லண்ட்ஸிலிருந்து 950 என்று ஏதோ ஓர் உள்ளூர் பஸ்ஸில் எல்லை வரை போவது. குடிநுழைவு முடிந்ததும் அதே எண் உள்ள அடுத்த பஸ் எதுவானாலும் ஏறலாம், போன பஸ்ஸைத் தேட வேண்டியதில்லை. 170இல் போனால் ஏறும்போது தட்டிய அதே அட்டையை மறுபடி தட்டுங்கள். அது லார்கின் சென்ட்ரல் வரை போகும், அங்கிருந்து டிபிஎஸ்ஸுக்கு நாள் முழுக்க பஸ் உண்டு. டிக்கெட் ரிங்கிட்டில் வாங்குவதால் நேரடி பஸ்ஸின் கட்டணத்தில் பெரும்பாலும் பாதிகூட ஆகாது.

காசை விடுங்கள், இதன் பெரிய லாபம் வேறு: பாலத்தைத் தாண்டிய பிறகுதான் கே.எல். டிக்கெட் வாங்குகிறீர்கள். எல்லையில் எவ்வளவு நேரமானாலும் தவறவிட பஸ் என்று ஒன்று இல்லை. ஒரு முதுகுப்பையோடு தனியாகப் போகிற இளவயதுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கைக்குழந்தையும் மூன்று பெட்டியுமாகப் போகிற குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன்.

இரவு பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டல் காசு மிச்சம் என்று பலர் எடுப்பார்கள். கண்ணயர்கிற நேரத்தில் இரண்டு தடவை எழுப்பி இறக்குவார்கள், கே.எல். சேரும்போது விடிந்திருக்காது, ஓட்டலில் அறை பிற்பகல்தான் கிடைக்கும். நேராகப் பத்துமலைக்குப் போய் முதல் வெளிச்சத்தில் 272 படி ஏறுகிற திட்டமாக இருந்தால் சரி.

ரயில்

ரயிலைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் தகவலில் பாதி பழையதாக இருக்கும். தஞ்சோங் பகாரில் ஏறி கே.எல்.லில் இறங்கிய காலம் 2011 ஜூன் 30ஓடு முடிந்தது. அதன்பின் ஜோகூரிலிருந்து டீசல் ரயிலில் ஊர்ந்து கெமாஸ் போய், அங்கே மின்ரயிலுக்கு மாறுகிற காலம் ஒன்று இருந்தது, பஸ்ஸே தேவலை என்று எல்லாரும் சொன்னது அப்போது. கெமாஸிலிருந்து ஜோகூர் வரை 192 கிலோமீட்டருக்கு இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் போட்டு முடித்து, 2025 டிசம்பரில் இடிஎஸ் மின்ரயில் ஜோகூர் பாரு நிலையமான ஜேபி சென்ட்ரல் வரை வந்துவிட்டது. இப்போது ஜேபி சென்ட்ரலிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு ஒரே ரயில், நாலரை மணி நேரத்துக்குள். 90 நிமிடத்தில் போகும் அதிவேக ரயில் வருகிறதாமே என்று கேட்பவர்களுக்கு: அந்த ஒப்பந்தம் 2020 முடிவோடு காலாவதியாகிவிட்டது.

அப்படியானால் ஜேபி சென்ட்ரலுக்கு எப்படிப் போவது? அழகான வழி, உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலிருந்து தெப்ராவ் ஷட்டில் ரயில். ஐந்தே நிமிடம், ஐந்து வெள்ளி. இதன் பெரிய வசதி, சிங்கப்பூர், மலேசியா இரண்டு குடிநுழைவையும் உட்லண்ட்ஸிலேயே ஏறும் முன் முடித்துவிடுகிறார்கள். ஜோகூரில் இறங்கினால் நேரே வெளியே நடக்கலாம், மேலே போனால் இடிஎஸ். பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே தாண்டிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால் டிக்கெட் கிடைக்காது. வார இறுதி இருக்கைகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் கணக்குத் திறந்து, கடப்பிதழ் எண்ணையும் காலாவதி தேதியையும் சேர்த்து, நாள் முடிவானதுமே பதிவு செய்துவிடுங்கள். நிலையத்துக்கு எம்ஆர்டி நேராகப் போகாது. உட்லண்ட்ஸ் எம்ஆர்டியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். புறப்படும் நேரத்துக்கு முன்னதாகவே வாயிலை மூடிவிடுவார்கள், அதனால் முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

ஷட்டில் கிடைக்கவில்லை என்று ரயில் திட்டத்தையே கைவிட வேண்டாம். மேலே சொன்ன உள்ளூர் பஸ்ஸில் எல்லையைக் கடந்தால், மலேசியக் குடிநுழைவுக் கட்டடத்திலிருந்து மேம்பாலம் வழியாக ஜேபி சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். வார நாள் என்றால் இடிஎஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வையுங்கள், வெள்ளி மாலை என்றால் நாலு. மிச்சம் இருந்தால் எதிரே சிட்டி ஸ்குவேரில் சாப்பிடலாம்.

ரயிலின் அருமை மறுமுனையில் தெரியும். கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கிற தூரம். அதே நிலையத்திலிருந்து பத்துமலைக்குக் கொமுட்டர் ரயில் போகிறது. நெடுஞ்சாலையில் என்ன நடந்தாலும் ரயிலுக்குக் கவலையில்லை. வழியில் குளுவாங் வரும். அந்த ஊர் ரயில் நிலையக் காப்பி பேர்போனது, ஆனால் ரயில் நிற்கிற நேரத்தில் இறங்கிக் குடித்துவிட்டு ஏற முடியாது.

உட்லண்ட்ஸ் நார்த் எம்ஆர்டியையும் ஜோகூரின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் தொடங்குவதாகத் திட்டம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிப் போகும். அது ஓடத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் தெப்ராவ் ஷட்டில் நின்றுவிடும். அப்போது இந்தப் பகுதியில் பாதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

கார்

புதிதாக வந்தவர்களில் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் நண்பரின் காரோ வாடகைக் காரோ அமையலாம். நாலு பேர் சேர்ந்து, எல்லையில் நேரம் பார்த்துக் கடந்தால், காரைப் போலச் சுகம் எதிலும் இல்லை. மாச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஓய்வுத்தலங்கள் வரிசையாக வரும், நினைத்த இடத்தில் நிறுத்தி தே தாரிக் குடிக்கலாம்.

காரில் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். சிங்கப்பூர்ப் பதிவு கார் நாட்டை விட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம், அதோடு திருப்பியும் அனுப்புவார்கள். மலேசியாவில் ரான் 95 பெட்ரோல் மானிய விலையில் விற்பது, அது வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்குக் கிடையாது, ரான் 97தான் போட வேண்டும். காருக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதியும் அதன் ஆர்எஃப்ஐடி ஒட்டியும் இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். நுழையும்போது சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். நெடுஞ்சாலை டோலுக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஓட்டுகிறவரிடம் சிங்கப்பூர் உரிமம் இருந்தால் மலேசியாவில் அது செல்லும். வெறும் இந்திய உரிமம் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

வாடகைக் கார் என்றால் மலேசியாவுக்கு ஓட்டிப் போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள். எல்லா வண்டிக்கும் அனுமதி தர மாட்டார்கள், தந்தாலும் தனிக் கட்டணம் உண்டு. காப்பீடு எல்லைக்கு அப்பாலும் செல்லுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

ஜூரோங், சுவா சூ காங் பக்கம் இருப்பவர்கள் துவாஸ் இரண்டாம் பாலத்தில் போகலாம். டோல் கூடுதல், கூட்டம் பெரும்பாலும் குறைவு. அதற்காகத் தெம்பனீஸிலிருந்து துவாஸுக்குச் சுற்றிக்கொண்டு போவது எல்லா நாளும் லாபமில்லை, கேமராவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம்: வீட்டு வாசலில் ஏற்றி, கே.எல். ஓட்டல் வாசலில் இறக்குகிறோம், ஏழு பேர் வண்டி, எல்லையில் இறங்கவே வேண்டாம். பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் இல்லாத தனியார் வண்டியாக அது இருந்தால், நடுவழியில் விபத்து என்றால் காப்பீடு கைவிரித்துவிடலாம். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் இப்படிப்பட்ட வண்டிகளைப் பிடித்துப் பறிமுதலும் செய்கிறது. உங்களை ஏற்றிய வண்டி சோதனைச்சாவடியிலேயே நின்றுபோனால் அம்மா அப்பாவோடு எங்கே போய் நிற்பீர்கள்? உரிமத்தோடு எல்லை தாண்டும் டாக்ஸி வேண்டுமென்றால் பான் சான் ஸ்திரீட்டில் முனையம் இருக்கிறது. அதில் ஜோகூர் வரை போய் அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம்.

என்னைக் கேட்டால், பெரியவர்களோடு போவதென்றால் வார நாளில் ஷட்டிலும் இடிஎஸ்ஸும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டியதில்லை, ரயிலிலேயே கழிப்பறை இருக்கிறது. சனிக்கிழமை காலை தவிர வேறு நாளே கிடையாது என்பவர்கள் விடியும் முன் உள்ளூர் பஸ்ஸில் கடந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

திரும்பி வரும்போது

ஞாயிறு மாலை எல்லாரும் திரும்புகிற நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஜோகூரில் இருக்கும்படி கே.எல்.லை விட்டுக் கிளம்புங்கள். தெப்ராவ் ஷட்டில் இந்தப் பக்கம் வரும்போது ஐந்து ரிங்கிட்தான், அதனால் இன்னும் வேகமாகத் தீரும். போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். மலேசியக் குடிநுழைவை ஜேபி சென்ட்ரலிலும், சிங்கப்பூருடையதை உட்லண்ட்ஸிலும் முடிக்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் இல்லை.

சாமான் விஷயத்தில் கவனம். சிகரெட் ஒரு பாக்கெட் ஆனாலும் வரிவிலக்கு இல்லை, அறிவித்து வரி கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கும் விலக்கு கிடையாது. மின்சிகரெட் முற்றிலும் தடை. அப்புறம் பொருள் சேவை வரி: 48 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் 500 வெள்ளி வரை வரியில்லை என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும். வேலை பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், மாணவர் பாஸ், நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கே.எல்.லின் மஸ்ஜித் இந்தியா கடைவீதியில் பட்டுப்புடவையோ நகையோ வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எல்லைக்கு வரும் முன்பே சுங்கத்துறைச் செயலியில் 9 விழுக்காட்டைக் கட்டிவிடுங்கள்.